வேர் என்ன நிறம்?

எங்கள் பல்கனிக்கு மூன்றடி அகலம். கண்டியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மேல்மாடி வீட்டில் காலை வெயில் விழும் இடம் அது ஒன்றுதான். ஒரு மூலையில் காஸ் சிலிண்டர், மறுமூலையில் மகனுடைய சைக்கிள், தலைக்கு மேலே துணி காயப்போடும் கொடி. இவற்றுக்கு நடுவே மிஞ்சிய இடத்தில்தான் நான் ஓர்க்கிட் வளர்க்க ஆசைப்பட்டேன்.

முதலில் வாங்கியவை சந்தையில் எல்லோரும் வாங்குகிற கலப்பின டென்ட்ரோபியங்கள். இடுப்பளவுக்கு வளர்ந்து, பூங்கொத்து இன்னும் ஓரடி மேலே எழும்பி, காற்றடித்தால் சட்டியோடு சாயும். ஈரச் சேலையை உதறிக் காயப்போட்டால் ஒரு மொட்டாவது முறியும். மூன்று சட்டிக்கு மேல் வைக்க வழியில்லை. ஒரு வண்டாவையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். அதன் வேர்கள் கம்பிக்கு வெளியே நீண்டு கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவாக, அதை ஒரு சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் தோட்டம் உள்ளவர்களுக்குத்தான் ஓர்க்கிட் என்று அப்போது முடிவுகட்டியிருந்தேன்.

அந்த முடிவை மாற்றியவர் என்னோடு படிப்பித்த சிங்கள டீச்சர் ஒருவரின் அம்மா. பேராதனைப் பக்கம் வீடு. ஒரு தானத்துக்குப் போயிருந்தபோது வீட்டின் பின்பக்கம் கூட்டிப் போய்க் காட்டினார். நிழல் வலைக்குக் கீழே நூற்றுக்கு மேற்பட்ட செடிகள், எல்லாம் வரிசையாகக் கம்பியில். நான் என் மூன்றடிப் பல்கனியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு கம்பியிலிருந்து சின்னச் செடியொன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். விரல் நீளத்தில் குண்டு குண்டாகத் தண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் தடித்த இலை ஒன்று அல்லது இரண்டு. மொத்தச் செடியும் ஐந்து அங்குலம் இருக்காது.

"இது பெரிசா வளர எத்தனை வருசம் போகும் ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"இது பெரிசுதான் துவ" என்றார். துவ என்றால் சிங்களத்தில் மகள். "இதுக்கு மேல வளராது. பூ வந்தா உன் கைய மூடும்."

கட்லியா வாக்கெரியானா. அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். நான்கு தண்டுகள் உள்ள ஒரு துண்டைப் பிரித்துத் தந்து, ஒரே ஒரு அறிவுரை சொன்னார்: வத்துற குறைவாக ஊற்று. வத்துற என்றால் தண்ணீர்.

தண்ணீரைத்தான் நான் நிறைய ஊற்றினேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். செடி என்றால் மழை என்று கண் பழகியவள். சட்டியில் கரியும் பொச்சும் நிரப்பி, செடியை ஆழமாகப் புதைத்து, தினமும் காலையில் குவளை குவளையாக ஊற்றினேன். ஒக்டோபரில் கண்டியில் பின்னேர மழை பிடித்துக்கொண்டது. என் குவளையும் நிற்கவில்லை, மழையும் நிற்கவில்லை. நவம்பர் முடிவதற்குள் ஒரு தண்டு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, தொட்டால் அழுகிய வாழைப்பழம் மாதிரி குழைந்தது. மறுவாரம் பக்கத்துத் தண்டும் கறுத்தது.

செடியைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிப் பேராதனைக்குப் போனேன். ஆன்ட்டி திட்டவில்லை. சட்டியைக் கவிழ்த்தார். உள்ளே பொச்சு பிழியப் பிழியத் தண்ணீர் வந்தது. சிறிய கத்தியை அடுப்புத் தணலில் காட்டி ஆறவிட்டு, கறுத்த இரண்டு தண்டையும் நல்ல சதை தெரியும்வரை வெட்டி எறிந்தார். பிறகு குசினிக்குள் போய் ஒரு போத்தல் எடுத்துவந்தார். கறுவாத் தூள். கறிக்குப் போடுகிற அதே கறுவா. வெட்டிய முகத்தில் மட்டும் அதைத் தடவினார். பூஞ்சணம் பிடிக்காது, ஆனால் வேரில் படக்கூடாது, வேரைக் காயவைத்துவிடும் என்றார். மிஞ்சிய இரண்டு தண்டையும் சட்டியில் வைக்கவில்லை. காய்ந்த கோப்பிக் கட்டை ஒன்றில், பழைய நைலோன் காலுறையைக் கீறி எடுத்த நாடாவால் கட்டினார். பாசியில்லை, பொச்சில்லை, கரியில்லை. வெறும் மரக்கட்டையில் கட்டிய செடி எதைக் குடித்துப் பிழைக்கும் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

"நீ அத பாக்க வேணாம். வேர பாரு. வெள்ளையா இருந்தா ஊத்து. பச்சையா இருந்தா சும்மா இரு."

ஓர்க்கிட் வளர்ப்பில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த நான்கு வாக்கியத்துக்குள் இருக்கிறது. மரத்தில் வாழும் ஓர்க்கிட்டின் வேரைச் சுற்றி, பஞ்சு போன்ற செத்த கலங்களாலான ஓர் உறை உண்டு. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்து வெள்ளியாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் சில நொடிகளில் உறிஞ்சிக்கொண்டு ஒளி புகவிட, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். அந்த நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை. செடி தாகத்தைச் சொல்வதற்கு அதைவிடத் தெளிவான மொழி இல்லை. இந்த உறைக்கு ஈரம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். நான் அதை நனைந்த பொச்சுக்குள் புதைத்து மூச்சு முட்டவைத்திருந்தேன்.

வாக்கெரியானாவின் ஊர் பிரேசிலின் நடு உயர்நிலம். ஆண்டில் பாதி மழை, பாதி வறட்சி. வறட்சிக் காலத்தில் மாதக்கணக்கில் மழையே இருக்காது. இரவுப் பனி மட்டும் மரப்பட்டையையும் பாறையையும் நனைத்துவிட்டு விடிந்ததும் காய்ந்துபோகும். அங்கே வெயிலில் பாறைமேல் ஒட்டிக்கொண்டு வாழப் பழகிய செடிக்கு உயரம் எதற்கு? குட்டையான தண்டில் தண்ணீரைச் சேமிக்கிறது, தடித்த இலையில் சேமிக்கிறது. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து காற்றை எடுக்கிறது. நீர் வீணாகாமலிருக்க கள்ளியும் அன்னாசியும் செய்கிற அதே வித்தை. உடம்பைச் சுருக்கிக்கொள்ளும் இந்தச் செடி பூவை மட்டும் சுருக்கவில்லை. மகரந்தம் சுமப்பவை பெரிய தேனீக்கள். அவற்றுக்குத் தூரத்திலேயே தெரியவேண்டும், வந்தால் இறங்க இடம் வேண்டும். சின்னச் செடி, பெரிய பூ என்று நாம் வியப்பதற்குப் பின்னால் அந்த வறண்ட நிலத்தின் கணக்கு இருக்கிறது. நான் அதைக் கண்டி மழையில் வளர்க்கவேண்டுமானால், கண்டியிலிருந்து ஒரு முழம் வறட்சியை அதற்கு ஒதுக்கித் தரவேண்டும். பல்கனியின் கூரைத் தாழ்வாரத்தில், சாரல் படாத உட்பக்கக் கம்பியில் கட்டையைத் தொங்கவிட்டேன். துணிக்கொடியைத்தான் இடம் மாற்றவேண்டி வந்தது.

காலையில் மட்டும் தண்ணீர், பொழுது சாய்வதற்குள் வேர் காயவேண்டும். மழைத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்து அதையே ஊற்றினேன். வெயில் போதுமா என்று இலை சொன்னது: கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, மஞ்சள் கலந்த இளம்பச்சையாக, ஓரத்தில் செம்பு பூசினாற்போல் இருந்தால் சரி. பத்து மணி வெயிலில் இலையை விரலால் தொட்டுப் பார்ப்பேன். சுட்டால் ஓரமாக நகர்த்துவேன். கிழமைக்கு ஒருமுறை, உர டப்பாவில் சொன்னதில் கால்பங்கு உரம். இவ்வளவுதான் வேலை. கஷ்டம் காத்திருப்பதில்.

கிழமை தவறாமல் ஆன்ட்டி தொலைபேசியில் பேசுவார். சுகம் விசாரிப்பதற்கு முன்பே, "வேர் என்ன நிறம்?" என்பார்.

முதல் வருடம் ஒரு புதுத்தண்டு. இரண்டாம் வருடம் இரண்டு. வேர்கள் கோப்பிக் கட்டையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, மறுபக்கம் எட்டிப் பார்த்தன. காலுறை நாடா இற்று விழுந்தபோது செடி தானாகவே கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்தச் செடியைத் தொட்டுப் பிரித்து நடுவதற்குக் காலம் உண்டு: தண்டின் அடியில் புதுவேர் முனை பச்சையாக முளைக்கும் நாட்கள். மற்ற நேரத்தில் வேரை அசைத்தால் ஒரு வருடம் கோபித்துக்கொள்ளும்.

மூன்றாம் வருட நவம்பரில் செடியின் அடியில் ஒரு முளை வந்தது. வழக்கமான தளிரைவிட மெலிந்தது. இலை விரியவில்லை. சோகை பிடித்த பிள்ளை மாதிரி இரண்டு அங்குலத்துக்கு எழும்பி, காகிதம்போல் உறையோடு நின்றது. மறுபடியும் அழுகல் நோய்தான் என்று நினைத்துக் கத்தியைக்கூடச் சூடாக்கிவிட்டேன். வெட்டுவதற்கு முன் ஆன்ட்டியிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றியது அந்தச் செடி செய்த புண்ணியம்.

"இலை இருக்கா?"

"இல்ல ஆன்ட்டி."

"ஐயோ, வெட்டாத! அதுதான் பூ."

பெரும்பாலான கட்லியாக்கள் இலையடியிலிருந்து, தண்டின் உச்சியில் பூக்கும். வாக்கெரியானா பெரும்பாலும் பூவுக்கென்றே இலையில்லாத தனித் தளிர் ஒன்றை அடியிலிருந்து அனுப்பும். இது தெரியாத எத்தனை பேர் முதல் பூவைக் கத்தியால் வெட்டியிருப்பார்களோ! இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

தைப்பொங்கலுக்கு மூன்று நாள் கழித்து மொட்டு விரிந்தது. காலை ஐந்தரைக்குத் தேநீர் வைக்க எழுந்தவள் பல்கனிக் கதவைத் திறந்தபோது பாதி விரிந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முழுவதும். ஊதா கலந்த ரோஜா நிறம். இரண்டு பக்க இதழும் அகன்று ஒன்றையொன்று தொடப் பார்த்தன. நடு உதடு இன்னும் அடர்ந்த நிறம். பெரும்பாலான கட்லியாக்களில் உதடு சுருண்டு நடுத்தூணை மூடிக்கொள்ளும். இதில் அந்தத் தூண் தடித்து, திறந்தவெளியில் தெரியும். வெயில் பட்டபோது இதழ் முழுதும் சீனி தூவியதுபோல் மினுங்கியது. மகன் அடிமட்டம் கொண்டுவந்து அளந்தான். பூ மூன்றேமுக்கால் அங்குலம். செடி நாலரை. நான் என் கையை அதன் பின்னால் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை மறைந்துபோனது.

வாசம் மறுநாள் காலை வெயில் ஏறியபோதுதான் வந்தது. குனிந்து முகர்ந்தேன். கறுவா. கொஞ்சம் வனிலாவும் சேர்ந்த கறுவா. மூன்று வருடத்துக்கு முன் அதன் காயத்தில் தடவிய தூளின் வாசம். வாக்கெரியானாவின் இயல்பான மணமே அதுதான் என்று பிறகு அறிந்தேன். ஆனாலும் அன்று பல்கனியில் நின்ற என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை, கண் கலங்கிவிட்டது. அந்தப் பூ மூன்று கிழமைக்கு மேல் நின்றது.

பூவைப் பார்க்க வந்த ஆன்ட்டி ஒரு பழைய ஓர்க்கிட் புத்தகத்தையும் கொண்டுவந்தார். அதில்தான் ஜோர்ஜ் கார்ட்னரின் பெயரைப் பார்த்தேன். ஸ்கொட்லாந்துக்காரர். 1836 முதல் 1841 வரை பிரேசிலின் உள்நாட்டில் குதிரையிலும் நடையிலும் திரிந்து செடி சேகரித்தவர். சாவோ பிரான்சிஸ்கோ ஆற்றில் சேரும் ஓர் ஓடைக்கரையில், மரத்தில் ஒட்டியிருந்த இந்தச் செடியைக் கண்டு, தன்னோடு பயணம் செய்த எட்வர்ட் வாக்கரின் பெயரை அதற்கு வைத்து 1843இல் வெளியிட்டார். அடுத்த வருடம், 1844இல், அவருக்கு வேறொரு நாட்டில் வேலை கிடைத்தது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் வேலை.

எங்கள் பல்கனியிலிருந்து அரைமணி நேர பஸ் தூரம் அது. உலகத்தின் மறுகோடியில் கிடைத்த பூவுக்குப் பெயர் வைத்தவர், அதே கையோடு இங்கே வந்து மகாவலிக் கரையில் நடந்திருக்கிறார். அவர் வந்த காலம் கண்டி மலைகளில் காட்டை வெட்டிக் கோப்பி போட்ட காலம். தென்னிந்தியத் தொழிலாளர்கள் மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து, வழியிலேயே ஆயிரக்கணக்கில் மாண்டு, மிஞ்சியவர்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த காலமும் அதுதான். அந்தப் பாதையில் நடந்து வந்தவர்களின் வழியில் பிறந்தவள் நான். கார்ட்னருடைய செடி என் வீட்டில் கோப்பிக் கட்டையைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் எனக்குப் பல இரவுகள் வந்திருக்கிறது. கார்ட்னர் 1849இல் நுவரெலியாவில் காலமானார்.

நுவரெலியாவில் என் தங்கச்சி இருக்கிறாள். ஆசை கூடிப்போய் ஒருமுறை கட்லியா கொக்சினியா கன்றுகள் இரண்டு வாங்கினேன். அதுவும் பிரேசில்தான்; ஆனால் கடற்கரையோர மலைகளின் முகில் படியும் காடுகள் அதன் ஊர். செடி மூன்று அங்குலம், பூ சுடரும் சிவப்பு. வாக்கெரியானாவை வளர்த்தவளுக்கு இது பெரிய காரியமா என்று நினைத்தேன். ஏப்ரல் மாத வெக்கையில், இரவிலும் புழுக்கம் குறையாத பத்தே நாளில், என்னிடமிருந்தது இலை உதிர்ந்து செத்தது. மற்றதை வேன்காரரிடம் கொடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். ஆறாயிரம் அடி உயரம், பகலிலும் முகில். அவள் ஒன்றும் செய்யவில்லை. ஜன்னல் ஓரத்தில் தொங்கவிட்டாள். இரண்டாம் வருடம் பூத்தது. "அக்கா, வெத்தல போட்ட வாய் மாதிரி சிவப்பா இருக்கு" என்று இரவு ஒன்பது மணிக்கு அழைத்துச் சொன்னாள். நான் புத்தகம் படித்து, அளந்து, கணக்குப் பார்த்துக் கொன்றதை அவளுடைய ஊர்க் குளிர் வளர்த்துக் கொடுத்தது. செடி வாங்குவதற்கு முன் அதன் பூவைப் பார்ப்பதைவிட அதன் ஊரைப் பார்க்கவேண்டும் என்பதில் எனக்கு அன்றோடு சந்தேகம் தீர்ந்தது.

குரங்குகளைப் பற்றியும் சொல்லவேண்டும். கண்டியில் மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு விளங்கும். ஐந்தாம் வருடம் நான்கு மொட்டு இருந்தது. ஒரு காலையில் நான்கும் இல்லை. இப்போது கோழிக்கூட்டு வலை அடித்திருக்கிறோம்.

ஆன்ட்டி கொண்டுவந்த புத்தகத்தில் இன்னொரு பெயரும் இருந்தது. கார்ட்னருக்குப் பிறகு பேராதனைப் பூங்காவைப் பொறுப்பேற்ற த்வெயிட்ஸ். அவர் பெயரும் ஒரு ஓர்க்கிட்டோடு சேர்ந்திருக்கிறது: டென்ட்ரோபியம் மக்கார்த்தியே, 1855. அப்போது காலனிச் செயலாளராக இருந்த மக்கார்த்தியின் மனைவியின் பெயர் அது. நம் ஊரில் அதை வெசாக் பூ என்போம். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையில் கிடையாது. ஈரவலயத் தாழ்நிலக் காடுகளின் மரங்களில் மெல்லிய தண்டுகள் தொங்க, மே மாதம் வெசாக்கை ஒட்டி, இளம் ஊதாப் பூ பெரிது பெரிதாகப் பூக்கும்.

அந்தப் பக்கத்தைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார். நான் ஏழு வயதுவரை இருந்தது இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில். அப்பா அங்கே கிளாக்கர். ஒரு வெசாக்குக்கு முன் காட்டோரக் கிராமத்திலிருந்து ஒருவர் சாக்கில் அந்தச் செடியைக் கொண்டுவந்து விற்றார். மரப்பட்டையோடு உரித்து எடுத்த கொத்துகள், பூவும் மொட்டுமாக. அப்பா மூன்று கொத்து வாங்கினார். அம்மாவுக்குப் பூ என்றால் உயிர். குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்த பலாமரத்தில் கயிற்றால் கட்டினோம். நான்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பூக்கள் வாடின. ஜூலையில் தண்டுகள் சுருங்கின. தீபாவளிக்குள் மூன்றும் காய்ந்து, அம்மா அடுப்பெரிக்கப் போட்டாள். அடுத்த வருடமும் அவர் வந்தார், நாங்கள் இரண்டு கொத்து வாங்கினோம். அவையும் செத்தன. பிறகொரு வருடம் அவர் வந்தபோது சாக்கில் அந்தப் பூ இல்லை. கிட்டத்துக் காட்டில் கிடைப்பதில்லை என்றார். எங்களைப் போல எத்தனை வாசல்களில் அது காய்ந்திருக்கும். அப்பாவும் அம்மாவும் ஆசையோடுதான் வாங்கினார்கள். அந்த ஆசை ஐந்து செடிகளைக் கொன்றது என்பதை மறைத்து இந்த நினைவை எழுத எனக்கு மனம் வரவில்லை.

காட்டிலிருந்து எடுக்கவேண்டிய தேவை இன்று யாருக்கும் இல்லை. ஓர்க்கிட்டின் ஒரு காய்க்குள் தூசி போன்ற விதைகள் லட்சக்கணக்கில் இருக்கும். அந்த விதைக்குள் சேமித்த உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சணத்துக்குப் பதிலாகச் சீனியும் உப்புக்களும் கலந்த கூழில், போத்தலுக்குள் முளைக்கவைக்கலாம் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். நூறு வருடமாகிவிட்டது. வாக்கெரியானாவையும் பிரேசில் காடுகளில் கணக்கில்லாமல் உரித்தெடுத்தார்கள். இன்று நல்ல நிறமும் அகன்ற இதழும் உள்ள செடிகள் பெரும்பாலும் போத்தலில் பிறந்து பண்ணையில் வளர்ந்தவை. விதை போட்டுப் பூப்பதற்கு ஐந்து வருடத்துக்கு மேல் போகும். விலை கூடுதலாக இருப்பதற்கு அதுதான் காரணம். அந்த விலை நியாயமானது.

ஆன்ட்டிக்கு இப்போது எண்பத்தாறு வயது. கண் மங்கிவிட்டது, தன் செடிகளை வேரைத் தடவிப் பார்த்துத்தான் ஊற்றுகிறார். என் கோப்பிக் கட்டையில் பதினொரு தண்டுகள் இருக்கின்றன. இந்தத் தையில் மூன்று பூ.

வெசாக் மாதம் வருகிறது. சாக்கிலோ பெட்டியிலோ, மரப்பட்டை ஒட்டிய வேரோடு யாராவது அந்த ஊதாப் பூவைக் கொண்டுவந்து உங்கள் வாசலில் நின்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வாங்காதீர்கள். பண்ணையில் வளர்ந்த செடிதானா என்று கேட்டு வாங்குங்கள். மூன்றடி இடம் போதும்.